விளைதல், அள்ளுதல், காய்ச்சுதல்: வேதாரண்யம் உப்பளத்தின் வரலாறு

உப்புச் சத்தியாக்கிரகம் பற்றிய பாடங்களிலும் நினைவுரைகளிலும் ‘உப்புக் காய்ச்சினர்’ என்னும் தொடர் பெரிதும் பயின்று வரக் காண்கிறோம். தண்டியில் காந்தியடிகள் உப்புக் காய்ச்சினார் என்றும், வேதாரண்யத்தில் இராஜாஜி உப்புக் காய்ச்சினார் என்றும் மாணவர்கள் எழுதுகின்றனர். பொருள் விளங்கிவிடுவதால் இத்தொடரை எவரும் திருத்த முற்படுவதில்லை. ஆயினும் 1930 ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் நிகழ்ந்த செயலுக்கு அடுப்பும் பானையும் தேவைப்படவில்லை. சதுப்பு நிலத்தில் தானாகவே படிந்து கிடந்த உப்பைத் தொண்டர்கள் கையால் அள்ளினார்கள், அவ்வளவே. அவ்வளவே என்பதில்தான் அந்நிகழ்ச்சியின் முழுப் பொருளும் அடங்கியுள்ளது என்பது நம் கருத்து.

உப்பைப் பொறுத்தமட்டில் தமிழில் மூன்று வினைகள் வழங்குகின்றன. பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சி வெயிலில் உலரவிட்டுப் பெறுவது விளைவித்தல். உவர்நீரையோ உவர்மண்ணைக் கரைத்து வடித்த நீரையோ அடுப்பேற்றிப் பெறுவது காய்ச்சுதல். மனித முயற்சியின்றி நிலத்தில் படிந்ததை எடுத்துக்கொள்வது அள்ளுதல் அல்லது வாருதல். இம்மூன்றும் ஒன்றல்ல. உழைப்பின் அளவும் உரிமையின் தன்மையும் மூன்றிலும் வேறுவேறாக உள்ளன. இவ்வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டால் வேதாரண்யம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும், அங்கே எந்தச் சட்டம் எவ்வாறு மீறப்பட்டது என்பதையும் விளக்க இயலாது போகும். இக்கட்டுரை அவ்வூர் உப்பளத்தின் வரலாற்றை இம்மூன்று வினைகளின் துணைகொண்டு நோக்க முற்படுகிறது.

நிலமும் நீரும்

சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து தெற்காக ஓடிவந்து கோடிக்கரையில் திடீரென மேற்கு நோக்கித் திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை. இம்மூலையில் அமைந்துள்ள ஊர்தான் வேதாரண்யம். தேவார மூவர் காலத்தில் மறைக்காடு என வழங்கிய பெயரின் வடமொழியாக்கமே வேதாரண்யம் என்பது நாமனைவரும் அறிந்ததாகும். திருக்கதவம் திறக்கவும் அடைக்கவும் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் என்ற வகையில் சமய வரலாற்றில் இவ்வூர் பெற்றுள்ள இடம் பெரிது. அருகிலுள்ள அகஸ்தியம்பள்ளியும் கோடிக்கரையும் பாடல் பெற்ற தலங்களே. இத்தலங்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றைச் சூழ்ந்துள்ள உவர்நிலத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

கோடிக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமாக ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. காவிரியின் கடைமடைக் கிளைகளான கோரையாறு, பாமணியாறு முதலியன இச்சதுப்பின் மேற்குப் பகுதியில் முத்துப்பேட்டைக் கடற்கழியில் வந்து கலக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுநீரும் மழைநீரும் சதுப்பை நிரப்புகின்றன. உயர்ந்த ஓதங்களின்போது கடல்நீரும் உட்புகுகிறது. தரை மிகத் தட்டையாக இருப்பதால் புகுந்த நீர் எளிதில் வடிவதில்லை. தை பிறந்தபின் மழை நின்று, மாசி, பங்குனியில் வெயில் ஏறி, பின்னர்த் தென்மேற்குக் காற்றும் சேரும்போது அந்நீர் வற்றத் தொடங்குகிறது. கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு கரைந்த உப்புகள். அவற்றுள் பெரும்பங்கு நாம் உண்ணும் உப்பு. நீர் வற்ற வற்ற அது வெண்ணிறப் படலமாகத் தரையில் படிகிறது. உழுவாரும் இல்லை, நீர் பாய்ச்சுவாரும் இல்லை. சித்திரை வெயிலில் சதுப்பே உப்பளமாகிவிடுகிறது.

மனிதர் அமைக்கும் உப்பளம் இயற்கையின் இச்செயலையே ஒழுங்குபடுத்திச் செய்கிறது. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளில் சேர்ந்த சேற்றை அகற்றி, வரப்புகளைச் சீராக்கி, அடித்தளத்தைக் காலால் மிதித்து இறுக்குகின்றனர். தளம் இறுகாவிடில் நீர் கீழிறங்கும். உப்பும் சேறு கலந்து கறுக்கும். பின்னர்க் கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துகின்றனர். போமே மானியால் அளந்தால் கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். நீர் ஒரு தேக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்லும்போது செறிவு ஏறுகிறது. இடைநிலையில் ஜிப்சம் படிகிறது. 25 டிகிரி அளவில் உப்பு மணிகள் உருவாகத் தொடங்கும். 30 டிகிரியை அணுகுமுன் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் மக்னீசிய உப்புகள் கலந்து உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். நீண்ட பிடியுடைய மரப்பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்து, நீர் வடிந்தபின் மேட்டுக்குச் சுமந்து செல்கின்றனர். கோடையில் எதிர்பாராது பெய்யும் ஒரு மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். உலகில் வேறெந்த உழவனும் மழையைக் கண்டு இவ்வளவு அஞ்சமாட்டான்.

உழவன் என்னும் சொல்லை நாம் அணிக்காகக் கையாளவில்லை. பாத்தி, வரப்பு, பாய்ச்சுதல், விளைச்சல் என உப்பளத்துச் சொற்களிற் பெரும்பாலானவை வயற்சொற்களே. நெல்லும் விளைகிறது, உப்பும் விளைகிறது. அம்மூவனார் பாடிய அகநானூற்று 140ஆம் பாடலில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு நேராக உப்பை மாற்றக் கூவுகிறாள். இவ்விரு பொருளும் ஒத்த நிலையில் நின்று மாறிக்கொள்ளும் பொருளாதாரம் ஒன்றை அப்பாடல் காட்டுகிறது. மாடுகள் பூட்டிய வண்டிகளில் உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் பலவிடத்துச் சுட்டுகின்றன. இவற்றை வேதாரண்யத்துக்கு உரியவை எனக் கொள்வதற்கில்லை. நெய்தல் நிலம் முழுமைக்கும் பொதுவானவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் அளம், பேரளம் எனவும், உப்பின் மீதான வரி உப்பாயம் எனவும் குறிக்கப்படுகின்றன. ஆகவே உப்பின்மீது வரி விதித்தல் ஆங்கிலேயர் புகுத்திய புதுமையன்று. அவர்கள் புகுத்தியது வேறொன்று.

குடிவாரம் முதல் குற்றம் வரை

தஞ்சைப் பகுதியின் ஆட்சி 1799இல் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு வந்தது. 1805ஆம் ஆண்டின் முதல் ஒழுங்குவிதி சென்னை மாகாணத்தில் உப்பைக் கும்பினியின் தனியுரிமைப் பொருளாக்கியது. உப்பளத்தார் விளைவித்த உப்பு முழுவதையும் அரசுக்கே ஒப்படைக்க வேண்டும். அரசு தான் குறித்த விலையில் வணிகர்க்கு விற்கும். இம்முறையில் உப்பு விளைவித்தவர்க்கு அரசு அளித்த தொகை ‘குடிவாரம்’ எனப்பட்டது. மொத்த உப்பை அளந்த அலகு ‘கரிசை’. இரண்டும் நெற்களத்துச் சொற்கள். வயலில் மேல்வாரம், குடிவாரம் எனப் பிரித்த பழைய பங்கீட்டின் பெயர், பங்கீடே இல்லாத ஒரு தனியுரிமை முறைக்குள் அப்படியே நின்றுவிட்டது. முன்னர்க் குடிவாரம் என்பது விளைச்சலில் குடியானவன் பெறும் பங்கு. இப்பொழுது அது அரசு வரையறுத்த கூலி. சொல் பழையது, பொருள் முற்றிலும் புதியது. நிருவாகச் சொற்கள் ஆட்சிமாற்றத்தை மறைத்துவிடும் வகைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை.

1876இல் அமைக்கப்பெற்ற சென்னை உப்பு ஆணைக்குழுவின் ஆய்வையடுத்து, தனியுரிமை முறையோடு ஆயத்தீர்வை முறையும் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெற்றவர் உப்பை விளைவித்து, தீர்வை செலுத்தி, தாமே விற்கலாம். 1882இல் இந்தியா முழுமைக்கும் தீர்வை மணங்குக்கு 2 ரூபாய் எனச் சீராக்கப்பட்டது. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோகிராம். 1888இல் அது இரண்டரை ரூபாயாயிற்று. 1903க்குப்பின் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1907இல் ஒரு ரூபாயை அடைந்தது. 1916இல் மீண்டும் ஏறி ஒன்றேகால் ரூபாயாயிற்று. 1923இல் சட்டமன்றத்தின் எதிர்ப்பை மீறி அரசப் பிரதிநிதி தம் சிறப்பதிகாரத்தால் அதனை இருமடங்காக்கினார். மறு ஆண்டே அது பழைய அளவுக்கு இறங்கியது. 1930இல் நடப்பிலிருந்தது மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய்.

தீர்வையின் அளவைவிட நம் ஆய்வுக்கு இன்றியமையாதது தீர்வையைக் காக்கும் காவல். விளைவிக்கும் உப்பளத்துக்கு வேலியிட்டுக் காவல் வைக்கலாம். காய்ச்சுவோரைக் கண்டுபிடித்துத் தண்டிக்கலாம். உவர்மண்ணிலிருந்து உப்பெடுத்த உள்நாட்டுக் குடிகளான உப்பிலியர், உப்பரவர் ஆகியோர் இவ்வாறே தம் குலத்தொழிலை இழந்து மண்வேலைக்கும் குளம் வெட்டுவதற்கும் சென்றனர். குலப்பெயரில் உப்பு எஞ்சியது, தொழிலில் எஞ்சவில்லை. ஆனால் பல்லாயிரம் ஏக்கர் பரப்புள்ள சதுப்பில் ஆண்டுதோறும் தானாகப் படியும் உப்பை என்செய்வது? அதனை யாரும் ஆக்கவில்லை. ஆகவே ஆக்கியவரைத் தண்டிக்க இயலாது. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் இவ்விடர்ப்பாட்டை நேராகவே எதிர்கொண்டது. உரிமமின்றி உப்பு ஆக்குவது மட்டுமன்று, இயற்கையாகப் படிந்த உப்பைத் திரட்டுவதும் எடுத்துச் செல்வதும் குற்றமாயின. தானாகப் படிந்த உப்பை அழிப்பது உப்பு இலாகாவின் பணிகளுள் ஒன்றாயிற்று. படிந்ததை மிதித்துச் சேற்றோடு கலப்பதற்கு அரசு ஊதியம் கொடுத்து ஆள் வைத்தது.

உப்பு விளையும் இடத்தில் வாழ்வோர் உப்பை விலை கொடுத்து வாங்குவது புதுமையன்று. நெல் விளையும் ஊரிலும் நெல்லை வாங்கி உண்போர் உளர். ஆயினும் வாயிலில் படிந்து கிடப்பதை அரசு ஆட்கள் அழிப்பதைப் பார்த்துக்கொண்டே அதே பொருளைத் தீர்வையோடு வாங்குவது வேறு வகையான அனுபவம். உப்பாயம் வாங்கிய சோழ அரசுக்கும் உப்பை அழித்த ஆங்கில அரசுக்கும் உள்ள வேறுபாடு வரியின் அளவில் இல்லை. முன்னது விளைந்ததில் பங்கு கேட்டது. பின்னது விளைந்ததை இல்லாமற் செய்தது.

இக்காலத்தில் வேதாரண்யத்து உப்பு வெளியேறிய வழிகளுள் சிறந்தது நீர்வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற வேதாரண்யம் கால்வாய் இவ்வூரை நாகப்பட்டினத்தோடு இணைத்தது. உப்புப் படகுகள் அதன்வழிச் சென்றன. பின்னர்த் திருத்துறைப்பூண்டியிலிருந்து இருப்புப்பாதையும் வந்தது. நாகப்பட்டினத்தைச் சொல்லும்போது மலாயாவை நினையாதிருக்க முடிவதில்லை. தஞ்சை மாவட்டத்திலிருந்து நம் முன்னோர் பலர் பினாங்குக்குக் கப்பலேறிய துறை அதுவே. ரப்பர் விலை வீழ்ந்த 1930ஆம் ஆண்டில் கூலி நிறுத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் பெருந்தொகையினராகத் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டபோது அவர்களுள் பலர் இறங்கியதும் அத்துறையிலேதான். அதே ஆண்டில் அத்துறைக்குத் தெற்கே சில மணி நேரப் பயணத் தொலைவில் உப்பு அள்ளும் போராட்டம் நடந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கும் ஆய்வுகள் நம் துறையில் தோன்ற வேண்டும்.

1930

காந்தியடிகள் 1930 ஏப்ரல் 6 காலையில் தண்டிக் கடற்கரையில் குனிந்து எடுத்தது இயற்கை உப்பு கலந்த மண்ணே. அவர் வருமுன் படிந்திருந்த உப்பை அதிகாரிகள் சேற்றோடு கலக்கச் செய்திருந்தனர். பின்னரே நாடெங்கும் கடல்நீரைப் பானைகளில் காய்ச்சும் போராட்டங்கள் பரவின. சென்னை நகரில் த. பிரகாசம் முதலியோர் தலைமையில் கடல்நீர் காய்ச்சப்பட்டது. தானாகப் படிந்த உப்பு கிடைக்காத நகரக் கடற்கரையில் வேறு வழியில்லை. ‘உப்புக் காய்ச்சும் போராட்டம்’ என்னும் வழக்கு இத்தகைய நிகழ்ச்சிகளால் வேரூன்றியதாதல் வேண்டும். நகரத்தில் நிகழ்ந்ததற்கு அது பொருந்தும். தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் பொருந்தாது.

தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராயிருந்த இராஜாஜி வேதாரண்யத்தைத் தேர்ந்தமைக்கு இரு காரணங்களைக் கூறலாம். ஒன்று, அங்குப் படியும் சதுப்பு உப்பு. சட்டத்தை மீறுவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மற்றொன்று, அவ்வூரில் சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் துணை. உறைவிடம், உணவு, உள்ளூர்ச் செல்வாக்கு ஆகியவை இல்லாமல் நூறு பேர் ஒரு கடற்கரைச் சிற்றூரில் தங்க இயலாது. முதற்காரணம் நிலத்தின் கொடை. இரண்டாவது மனிதரின் கொடை. பாடநூல்கள் இரண்டாவதைக் கூறுமளவு முதலாவதைக் கூறுவதில்லை.

ஏறத்தாழ நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் இல்லத்திலிருந்து புறப்பட்டு, 240 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 28இல் வேதாரண்யத்தை அடைந்தனர். அவர்கள் வழிநடையாகப் பாடுவதற்கென நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாடல் நம் ஆசிரியர்கள் நன்கறிந்ததே. ஆகவே அதனை இங்கு விரிக்கவில்லை. தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே. ஏ. தார்ன் இம்மக்களைத் தடியால் தடுக்கவில்லை. உணவால் தடுக்க எண்ணினார். தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ தருவோர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்படுவர் என்று மாவட்டமெங்கும் அறிவித்தார். காவிரி நாட்டில் விருந்தோம்பல் குற்றமாக்கப்பட்டது. மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். யார் கொடுத்தது என்று கேட்டால் மரந்தான் விடை. தொண்டர்களுக்கு ஓரிடத்திலும் உணவு முட்டுப்படவில்லை. மக்களிடம் அரசின்பால் பற்று என ஒன்று இருந்திருப்பின் அது இப்போது இல்லை என்னும் கருத்துப்படத் தார்னே பின்னர்த் தம் மேலிடத்துக்கு எழுத நேர்ந்தது.

விருந்தோம்பலைக் குற்றமாக்கிய ஆணையும் அள்ளுதலைக் குற்றமாக்கிய சட்டமும் ஒரே இயல்பின என்பதைக் கவனித்தல் வேண்டும். எவரும் தவறெனக் கருதாத, குற்றமென நிறுவுதற்கு அரசே பெருமுயற்சி செய்ய வேண்டியிருந்த செயல்கள் அவை. ஏப்ரல் 30 காலை இராஜாஜியும் தொண்டர்களும் அகஸ்தியம்பள்ளிச் சதுப்பில் உப்பை அள்ளினர். அவர் கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். போராட்டம் அதனோடு நிற்கவில்லை. தொண்டர்கள் தொடர்ந்து அள்ளினர், தொடர்ந்து கைதாயினர். ருக்மிணி லட்சுமிபதி வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறிச் சிறை சென்றார். உப்புப் போராட்டத்தில் சிறைப்பட்ட முதற்பெண்மணி எனக் குறிக்கப்படுபவர் அவரே. உள்ளூர் மக்களின் பங்கை உணர்த்த நாவிதர் வைரப்பனின் கதை ஒன்றே போதும். தம்மிடம் முகம் மழிக்க அமர்ந்தவர் காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டு, வேலையை முடிக்க மறுத்துத் தண்டனை ஏற்றவர் அவர். அவருக்கும் வேதாரண்யத்தில் நினைவுத்தூண் உண்டு.

1931 மார்ச் 5 அன்று ஏற்பட்ட காந்தி–இர்வின் உடன்பாடு உப்புச் சட்டத்தை நீக்கவில்லை. உப்பு கிடைக்கும் இடங்களையடுத்த சிற்றூர் மக்கள் தம் வீட்டுத் தேவைக்கோ தம் ஊருக்குள் விற்பதற்கோ உப்பைத் திரட்டவோ ஆக்கவோ செய்யலாம். வெளியூரார்க்கு விற்றல் கூடாது என்பதே அதில் கண்ட சலுகை. திரட்டல், ஆக்கல் என இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லியே அவ்வுடன்பாடு அனுமதித்தது. நாம் தொடக்கத்தில் சுட்டிய வேறுபாடு அவ்வாவணத்தை வரைந்தோர்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம் பாடக்குறிப்புகளில்தான் அது மங்கியுள்ளது.

பின்னர்

உப்புவரி 1947 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் வேதாரண்யத்தை விட்டு அகன்றுவிடுகின்றன. அதன்பின் அவ்வூர் ஒரு நினைவுத்தூண் மட்டுமே. ஆனால் உப்பளத்தின் மிகப்பெரிய மாற்றம் அதன் பின்னரே நிகழ்ந்தது. நூல், காகிதம், சவர்க்காரம் முதலிய தொழில்களுக்கு வேண்டிய எரிசோடாவும் குளோரினும் உப்பிலிருந்தே பெறப்படுகின்றன. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதிப்பொருள் தொழிற்சாலைகள் சதுப்பின் பெரும்பகுதிகளைக் குத்தகைக்குப் பெற்றுப் பேரளங்களை அமைத்தன. அவற்றின் அருகே அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் ஆகிய ஊர்களில் சிறு உற்பத்தியாளர்கள் உண்ணும் உப்பை விளைவிக்கின்றனர். ஏறத்தாழ 9,000 ஏக்கர் பரப்பில் ஆண்டொன்றுக்கு 6 இலட்சம் டன் அளவில் உப்பு விளைவதாகத் தமிழ் நாளேடுகள் குறிப்பிட்டு வருகின்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த நிலை வேதாரண்யத்துக்கே.

இவ்வளர்ச்சியில் அள்ளுதல் என்னும் வினை மறைந்துபோயிற்று. சதுப்பின் ஒரு பகுதி பாத்தியாயிற்று. மற்றொரு பகுதி, 1967இல் அமைக்கப்பெற்ற கோடிக்கரை வனவிலங்குக் காப்பிடத்தையும் அதன் விதிகளையும் சார்ந்தது. 2002இல் 38,500 எக்டர் பரப்பு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை முதலிய வலசைப் பறவைகள் இரை தேடும் ஆழமற்ற நீர்ப்பரப்பும், உப்பளத்துக்கு ஏற்ற நிலமும் ஒன்றே என்பதால் இவ்விரு நோக்கங்களுக்குமிடையே முரண் தீர்ந்தபாடில்லை. பறவைக்கோ பாத்திக்கோ உரிய நிலமாக இன்று சதுப்பு பார்க்கப்படுகிறது. சித்திரையில் ஊரார் கூடையெடுத்துச் சென்று உப்பள்ளும் பொதுநிலம் என்னும் எண்ணத்துக்கு அவ்விரு பார்வையிலும் இடமில்லை. எந்த உரிமைக்காக 1930இல் சிறை சென்றனரோ அவ்வுரிமை தடைசெய்யப்படவில்லை. தேவையற்றதாகிவிட்டது என்றே கூற வேண்டும். மலிவான உப்பு கடையில் கிடைக்கும்போது சதுப்புக்கு யாரும் செல்வதில்லை.

உணவுக்கு விற்கும் உப்பு அயோடின் கலந்ததாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதியும் இங்கு நினைக்கத்தக்கது. 2000இல் தளர்த்தப்பட்ட அவ்விதியை 2006இல் இந்திய நடுவணரசு மீண்டும் நடைமுறைப்படுத்தியது. சாதாரண உப்பைச் சட்டம் மீண்டும் தடுக்கிறது என இதனை 1889ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிடுவோர் உளர். அவ்வொப்பீட்டை நாம் ஏற்பதற்கில்லை. கழலை நோயைத் தடுப்பது வேறு. கருவூலத்தை நிரப்புவது வேறு. ஆனால் அயோடின் கலக்கும் பொறியும் பொட்டலமிடும் வசதியும் இல்லாத சிறு உற்பத்தியாளர் தம் உப்பை இடைநிலை வணிகரிடமோ தோல், கருவாடு முதலிய தொழில்களுக்கோ குறைந்த விலையில் விற்க நேர்வது உண்மை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்குமிடையே கரையைக் கடந்தது. கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு உப்பளங்களை மூடியது. பாத்திகளை மீண்டும் அமைத்து இறுக்குவதற்குள் அடுத்த பருவத்தின் தொடக்கம் கழிந்துவிட்டது. 2004 முதல் நின்றிருந்த திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி இருப்புப்பாதை, 37 கிலோமீட்டர் நீளத்துக்கு அகலப்பாதையாக மாற்றப்பெற்று 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ இருபதாண்டுகளில் உப்பு முற்றிலும் சாலைவழிப் போக்குவரத்துக்கு மாறியிருந்தது.

தொழிலாளரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். உப்பளத்து வேலை விடியலுக்கு முன்னரே தொடங்குகிறது. வெயில் ஏறியபின் வெண்பரப்பின் ஒளி கண்ணைத் தாக்கும். செறிந்த உப்புநீரில் நிற்பதால் கால்தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் மீண்டும் உப்புநீர் படுகிறது. பெண்கள் தலைச்சுமையாகக் கரைசேர்த்த உப்பே நெடுங்காலம் மேடுகளில் குவிந்தது. தூத்துக்குடித் தொழிலாளரின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவலில் (1979) களஆய்வு செய்து பதிவு செய்தார். வேதாரண்யத்துக்கு அத்தகைய படைப்பு ஒன்று அமையவில்லை என்றே எண்ணுகிறோம். அவ்வூரைப் பற்றிய எழுத்தில் 1930ஆம் ஆண்டின் பதினெட்டு நாள்கள் ஏனைய அனைத்தையும் மூடிவிட்டன.

ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண் அருகே உப்பு அள்ளும் நிகழ்ச்சி நடத்தப்பெறுகிறது. அது உப்புப் பருவத்தின் நடுப்பகுதி. அக்டோபரில் மழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். அடுத்த தை வரை அளத்தில் வேலையில்லை, வேலையில்லாததால் கூலியுமில்லை. மழைக்கால மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அண்மைய ஆண்டுகளில்தான் தொடங்கியது. மீனவர்க்கு மீன்பிடித் தடைக்காலத்தில் வழங்கப்படும் உதவித்தொகையை முன்மாதிரியாகக் காட்டி உப்பளத் தொழிலாளர்கள் நெடுங்காலம் எழுப்பிவந்த கோரிக்கையின் பயன் அது.